பன்னிரண்டாம் நாற்காலி

ஸ்டானிஸ்லாஸுக்குத் தாடி வளரவில்லை. தொல்லை எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஆள் துறைமுகத்தில் வின்ச் டிரைவர். கப்பலின் வயிற்றுக்குள் சரக்கை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருபத்திரண்டு வருஷம் ஒரே இரும்பு இருக்கையில் உட்கார்ந்தவர். அவர் தூக்கிய இரும்பை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இராயபுரத்திலிருந்து மோட்சத்துக்கு ஏணி கட்டிவிட்டு, மிச்சத்தில் மோட்சத்துக்கு ஒரு கம்பிக் கதவும் போடலாம். அப்பேர்ப்பட்டவருக்கு மோவாயில் மட்டும் பஞ்சம். தவசுகாலம் நாற்பது நாளும் சவரக்கத்தியைத் தொடாமல் இருந்து பார்த்தார். முளைத்தது மொத்தம் பதினேழு முடி. அவர் மனைவி இருதயம்மாள் விரல் விட்டு எண்ணிச் சொன்ன கணக்கு அது.

"இந்தாண்ட ஒம்போது, அந்தாண்ட எட்டு. ஆட்டுக்குட்டிக்குக்கூட இத்தவிட ஜாஸ்தி கீதுயா. சாமியாராண்ட போய்க் காட்டாத. சிரிச்சார்னா அவரு தவசு ஒடஞ்சி பூடும்."

தாடி எதற்கு என்று கேட்கிறவர்கள் அந்தக் கோயிலுக்கு வந்ததில்லை என்று அர்த்தம். பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில், சேசுநாதர் தம்முடைய சீஷர்களின் காலைக் கழுவியதுபோல, சாமியார் பன்னிரண்டு ஆண்களின் வலது காலைக் கழுவித் துடைத்து முத்தம் செய்வார். எல்லாக் கோயிலிலும் நடப்பதுதான். ஆனால் துறைமுகச் சுவரை ஒட்டிய அந்தச் சின்னக் கோயிலில் பன்னிரண்டு நாற்காலிக்கும் பேர் உண்டு. முதல் நாற்காலி இராயப்பர், அதாவது பேதுரு. மோட்சத்துச் சாவியைக் கையில் வைத்திருப்பவர். ஊருக்கே பேர் கொடுத்தவர் என்று ஜனங்கள் நம்புகிறவர். சுரூபத்தில் அவருக்கு அடர்ந்த தாடி, ஆகவே தாடிக்காரனுக்குத்தான் அந்த இடம் பொருந்தும் என்று ஊருக்கு ஒரு எண்ணம். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு வருஷம் முழுக்க ராஜமரியாதை. கல்யாண வீட்டில் முதல் பந்தி. சாவு வீட்டில் முதல் பெஞ்சு. மீன்காரி செல்லக்கனிகூட அவனுக்கு மட்டும் நாலு நாள் ஐஸில் கிடந்த வஞ்சிரத்தை விற்கமாட்டாள், மூன்று நாள்தான்.

அப்படியே பெலவேந்திரர், அருளப்பர் என்று வரிசையாக இறங்கிக்கொண்டே போனால், பன்னிரண்டாவது நாற்காலி யூதாஸ், முப்பது வெள்ளிக்காசுக்கு ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன். அதில் உட்கார்ந்தவனையும் வருஷம் முழுக்க ஊர் மறக்காது. குழாயடியில் பொடிசுகள் "யூதாசு மாமா, முப்பது காசுக்கு சில்லறை கீதா" என்று கேட்டுவிட்டு ஓடும்.

ஏழு வருஷமாக இராயப்பர் நாற்காலி அம்புரோஸுக்கு. இருதயம்மாளின் கூடப்பிறந்த அண்ணன், ரயில்வேயில் கார்டு. அவருடைய தாடியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எதிர்க்காற்று இல்லாத நாளில் அந்தத் தாடி முதலில் பேசின் பிரிட்ஜ் போய்ச் சேரும், ரயில் பின்னாலேயே வரும். அந்தத் தாடியோடு அவர் முதல் நாற்காலியில் உட்கார்ந்து, சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவர்போல மேலே பார்த்தார் என்றால், பீடத்திலிருக்கும் இராயப்பர் சுரூபமே கொஞ்சம் நகர்ந்து இடம் விடுமோ என்று தோன்றும்.

ஸ்டானிஸ்லாஸுக்கு வயிறு எரிந்தது. ஒரு நாற்காலிக்காக மட்டும் எரியவில்லை. அவர் வாழ்க்கையே கடைசி வரிசை. அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவன் எல்லாம் மேஸ்திரி ஆனான். குவார்ட்டர்ஸ் பட்டியலில் அவர் பேர் மேலே வந்தபோது வீடு தீர்ந்துபோயிருந்தது. குழாயடியில் அவர் குடம் வைத்தால் தண்ணீர் நிற்கும். மற்றவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "ஸ்டானிஸ்லாசு வரங்காட்டியும் புடிச்சிக்கோ" என்று அவசரப்படுவார்கள். ஒரே ஒரு தடவை, ஒரு சாயங்காலம், முதல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் போதும், மிச்சத்தை எல்லாம் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று பதினோரு வருஷமாக ஜெபம். ஆண்டவரும் பதினோரு வருஷமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாவது வருஷம், குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை, உபதேசியார் லூர்து நோட்டுப் புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றார். லூர்து தென் ஜில்லாக்காரர். கோயில் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

"அண்ணாச்சி, இந்த வருசம் கால் கழுவுறதுக்கு ஒங்க பேரையும் எழுதச் சொல்லிட்டாவ சாமி. எந்த நாற்காலி வேணும்?"

ஸ்டானிஸ்லாஸின் நெஞ்சு வின்ச்சைவிடச் சத்தமாக ஓடியது. ஆனாலும் இராயபுரத்துக்கென்று ஒரு முறை உண்டு. நாற்காலி கேட்டால் யாரும் பேர் சொல்லமாட்டார்கள். 'எதுன்னாலும் சரி' என்று மூன்று தடவை சொல்லவேண்டும். கேட்க வந்தவர், 'அதெல்லாம் கிடையாது, நீங்கள் முதல் நாற்காலியில்தான் உட்காரவேண்டும்' என்று மூன்று தடவை கையைப் பிடிக்கவேண்டும். நாலாவது தடவை வேண்டாவெறுப்பாகத் தலையை ஆட்டவேண்டும். அம்புரோஸ் ஏழு வருஷமும் இந்தக் கூத்தைக் குறையில்லாமல் நடத்தித்தான் உட்கார்ந்தார்.

ஸ்டானிஸ்லாஸ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கு இன்னாப்பா நாற்காலி. எது குட்த்தாலும் சரி. கடைசி நாற்காலின்னாலும் சரி."

லூர்துவின் முகம் மெழுகுத்திரி ஏற்றினதுபோல் பிரகாசமாயிற்று. "ரொம்ப உபகாரம் அண்ணாச்சி. அந்த நாற்காலிக்கு ஆளே சிக்கல. வழக்கமா அதுல உக்காருற இன்னாசித் தாத்தா மக வீட்டுக்குப் பெரம்பூர் போயிட்டாவளா, நான் தெருத் தெருவா அலைஞ்சிட்டேன்." எழுதினார். நோட்டை மூடினார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இருதயம்மாள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னாயா எழுதிகினு போறான்?"

"ஒண்ணுமில்லமே. மரியாதிக்கு சொன்னேன். ரெண்டாவது தபா கேக்கறதுக்கு வருவான் பாரு."

இருட்டுகிறவரை வாசலிலேயே நின்றார். இரண்டாவது தடவை கேட்க யாரும் வரவில்லை.

மறுநாள் குருத்தோலையைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரே நிற்கும்போது லூர்து பட்டியலை வாசித்தார். முதல் நாற்காலி அம்புரோஸ். பன்னிரண்டாவது நாற்காலி ஸ்டானிஸ்லாஸ். கோயில் முழுக்க ஓலைகள் சலசலவென்று ஆடின. காற்று இல்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்ததும் லூர்துவைத் தூணோரம் மடக்கினார். "யோவ், நான் மரியாதிக்கு சொன்னா நீ அப்பிடியே எழுதிடுவியா?"

"நீங்கதானே அண்ணாச்சி கடைசின்னாலும் சரின்னிய."

"சொல்லுவேன். நீ வேணாம்னு சொல்லணும்."

"வேணாம்னு சொல்லணும்னா ஏன் அண்ணாச்சி வேணும்னு சொன்னிய?" லூர்து உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார். "சாமி கையெழுத்தும் போட்டுட்டாவளே."

மாட்டேன் என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால், சேசுநாதர் கால் கழுவ வந்தபோது உதைத்துத் தள்ளியவன் என்று அடுத்த தலைமுறை வரைக்கும் பேசுவார்கள். வெளியே வந்தால் அம்புரோஸ் தாடியைத் தடவிக்கொண்டு நிற்கிறார்.

"இன்னா மாப்ளே, நீயும் நானும் இந்த வருஷம் ஒரே வரிசைல. இந்தக் கோடில நானு, அந்தக் கோடில நீ. நடுவுல ஒரு சின்ன கூட்ஸ் வண்டி."

திங்கட்கிழமை வேலைக்குப் போவதற்குள் சேதி துறைமுகத்துக்குள் போயிருந்தது. வின்ச்சுக்குச் சிக்னல் காட்டுகிற ராமதாஸ் கப்பல் தளத்தில் நின்றபடி கையைக் குவித்துக் கத்தினான். அவன் காசிமேட்டு மீன்பிடிக் குடும்பத்து ஆள். கோயிலுக்குள் கால் வைத்ததில்லை, ஆனால் கோயில் வம்பு எல்லாம் அவனுக்கு அத்துப்படி.

"நைனா, யூதாசு நாற்காலியாமே. காலக் கழுவி வுட்டு அப்பால யூதாசு மாதிரி தூக்குல மாட்டி வுட்டுருவாங்களா?"

"வாய மூடுறா."

"இல்ல நைனா, ஒரு டவுட்டு. மத்தவன்லாம் நல்லவன், காலு சுத்தமா இருக்கும். யூதாசு காலு கலீஜாத்தான இருக்கணும்? அதான நாயம்?"

அவன் விளையாட்டுக்குச் சொன்னான். ஸ்டானிஸ்லாஸ் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த ஊரில் இன்னொரு வழக்கமும் உண்டு: கால் கழுவப்படப்போகிற பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே காலைத் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். சாமியாருக்குக் கழுவுவதற்கு ஒரு தூசிகூட மிச்சம் வைக்கமாட்டார்கள். ஸ்டானிஸ்லாஸ் வைப்பார். கிறிஸ்தவ வேதம் தோன்றிய நாள் முதலாக இப்படியொரு கால் எந்தக் குருவானவர் கைக்கும் வந்ததில்லை என்கிற மாதிரி வைப்பார். கழுவினால் மட்டும் போதாதே, முத்தமும் கொடுக்கவேண்டுமே. கையெழுத்தா போடுகிறார் சாமியார், போடட்டும், உதட்டாலும் போடட்டும்.

அன்றைக்கே தொடங்கினார். கப்பலுக்கு ஏற்றுவதற்காக மலையாய்க் கொட்டிவைத்திருந்த இரும்புத் தாது மண்ணில் வலது காலை முழங்கால்வரை இறக்கிக் கால்மணி நேரம் நின்றார். செக்கச்செவேலென்று வந்தது. செவ்வாய்க்கிழமை பேசின் பிரிட்ஜ் மின்சார நிலையத்தின் பின்புறம் கொட்டியிருந்த நிலக்கரிச் சாம்பல். புதன்கிழமை காலை திருவொற்றியூர் சாலையில் தார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறிக்கொண்டிருந்த ஓரத்தில் ஒரு மிதி. அன்று சாயங்காலம் ராமதாஸோடு காத்திவாக்கம் போய், இறால் பிடிக்கிறவர்கள் நடுவே கழிமுகத்துச் சேற்றில் ஒற்றைக் காலை ஊன்றித் தவம் நின்றார். திரும்பும் வழியில் காசிமேட்டு மீன் செதில் குவியலிலும் ஒரு மிதி. பத்து மைல் வட்டாரத்தில் இருந்த அத்தனை அழுக்கும் வரிசையில் நின்று அந்தக் காலில் ஏறியது.

"நைனா, இந்தக் காலை இன்னும் ரெண்டு நாள் வெச்சிருந்தா மரம் மொளைக்கும்" என்றான் ராமதாஸ்.

இடது கால் மட்டும் தப்பித்தது. காரணம் இருதயம்மாள். செவ்வாய்க்கிழமையே அவள் வாசலில் முறத்தை வைத்து மறித்துவிட்டாள். "இன்னா கருமம்யா இது. கழுவிகினு உள்ள வா."

"முடியாது. இது பூசைக்கு வெச்சிருக்கறது."

"அப்ப எந்தக் காலு பூசைக்கு இல்லியோ அத்தக் கழுவு. கழுவற வரிக்கும் சோறு கெடையாது."

ஆகவே இடது காலைத் தினமும் சோப்புப் போட்டுக் கழுவினார். வலது காலுக்குச் சாக்குப்பை கட்டிப் படுத்தார். அந்த நாற்றத்தில் எதிர்வீட்டுப் பூனை வீடு மாறிப் போய்விட்டது.

வியாழக்கிழமை ஐந்தரை மணிப் பூசை. பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். பன்னிரண்டு பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புப் பட்டை, வெறுங்கால். முதல் நாற்காலியில் அம்புரோஸ். பீர்க்கங்காய் நார், சீயக்காய், படிகாரம், கடைசியில் முகப்பவுடர் என்று அந்த ஒரு காலுக்கு நடந்த அலங்காரத்தில் ஒரு கல்யாணப் பெண்ணையே ஜோடித்திருக்கலாம். பன்னிரண்டாவது நாற்காலியில் ஸ்டானிஸ்லாஸ், வேட்டியைத் தரைவரை இழுத்துவிட்டு, அணுகுண்டை மடியில் வைத்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

சாமியார் அருள்பிரகாசம் வயசானவர். மூக்குக்கண்ணாடி, வளைந்த முதுகு. பிறந்து வளர்ந்தது காத்திவாக்கம். எண்ணூருக்கும் இராயபுரத்துக்கும் நடுவில் எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாகக் கிடந்தாலும் ஒரு துருப்பிடித்த சைக்கிளில் போய் நன்மை, அதாவது நற்கருணை, கொடுத்துவிட்டு வருகிறவர். பூசை தமிழுக்கு மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதனால் சுவிசேஷம் எல்லோருக்கும் புரிந்தது: ஆண்டவர் எழுந்து துண்டைக் கட்டிக்கொண்டதும், இராயப்பர் மட்டும் காலை நீட்டமாட்டேன் என்று முரண்டு பிடித்ததும். அந்த இடத்தில் அம்புரோஸ் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்பதுபோலத் தாடியை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார்.

சாமியார் மேலாடையைக் கழற்றி வைத்துவிட்டு இடுப்பில் துண்டைக் கட்டினார். லூர்து செம்பும் தாம்பாளமுமாகப் பின்னாலேயே போனார். ஒரு காலுக்கு மூன்று சொட்டு. துண்டால் ஓர் ஒற்று. ஒரு முத்தம். அடுத்த கால். கழுவுவதற்கு என்ன இருக்கிறது அங்கே? பதினோரு காலும் முடிந்தபோது செம்பில் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

ஸ்டானிஸ்லாஸ் வேட்டியைத் தூக்கினார்.

முன்வரிசைத் தரையில் உட்கார்ந்திருந்த செல்லக்கனி மூக்கைப் பொத்தினாள். நாற்பது வருஷம் மீன் விற்ற மூக்கு அது. "மாதாவே. இது இன்னா காலா, கப்பலு நங்கூரமா?"

சாமியார் அந்தக் காலைப் பார்த்தார். பக்கத்தில் பளபளவென்றிருந்த இடது காலைப் பார்த்தார். பிறகு ஸ்டானிஸ்லாஸின் முகத்தைப் பார்த்தார். ஸ்டானிஸ்லாஸ் தூணின் உச்சியில் ஏதோ எழுதியிருப்பதுபோல அங்கே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை ஜோராகத்தான் இருந்தது. இப்போது சாமியார் முகம் சுளிப்பார், மூன்று சொட்டு விட்டுவிட்டு எழுந்து போவார், ஊர் பார்க்கும்.

சாமியார் மெதுவாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் சொடுக்கிய சத்தம் வாசல்வரை கேட்டது. அந்தக் காலைத் தூக்கித் தம் மடியில், வெள்ளை அங்கியின்மேல் வைத்துக்கொண்டார்.

"லூர்து, இந்தத் தண்ணி பத்தாது. கெணத்தாண்ட பெரிய வாளி கீது, எடுத்துகினு வா. சோப்பு, தேங்கா நாரு. அப்பிடியே சக்கிறீஸ்து ரூம்புல வெளக்குக்கு வெச்ச மண்ணெண்ணெ கீது, அதையும் கொண்டா."

பாட்டுக்காரர்கள் பாட்டை முடித்துவிட்டார்கள். சாமியார் எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

சாமியார் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தார். பேச்சு ஸ்டானிஸ்லாஸுக்கு மட்டும் கேட்கிற குரலில் வந்தது. "இந்தத் தாரு திருவொத்தியூரு ரோட்டுது. நேத்துதான் போட்டான். என் சைக்கிள் டயர்லயும் கீது."

ஸ்டானிஸ்லாஸ் இன்னும் தூணின் உச்சியையே பார்த்தார்.

"இது பேசின் பிரிட்ஜ் கரி. இந்த செதிலு காசிமேடு." நாரால் ஒரு இழுப்பு. "இந்தச் சேறு எங்க ஊருதுபா. நான் பொறந்த சேறு. இத்த எங்க பார்த்தாலும் கண்டுபுடிச்சிடுவேன். ஹார்பர்ல வின்ச்ல குந்திகினு இருக்கறவனுக்கு இவ்ளோ ஊரு சுத்தறதுக்கு ஏது நேரம்? அதுவும் ஒத்தக் கால்லயே?"

ஸ்டானிஸ்லாஸின் காது இரண்டும் தாது மண்ணைவிடச் சிவப்பாயின. காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். கிழவருக்கு வின்ச் மாதிரிப் பிடி. "பொறு. இன்னும் தாது மண்ணு கீது. அது லேசுல போவாது."

வாளி கறுத்தது. லூர்து அதைக் கொட்டிவிட்டு இன்னொரு வாளி கொண்டுவந்தார். அதுவும் கறுத்து மூன்றாவது வாளி வந்தது. பாட்டு மூன்றாம் முறை தொடங்கியது. ஆர்மோனியக்காரருக்குக் கண் சொருகியது. சாமியாரின் அங்கி முழுக்கச் செஞ்சேறு. தோல் தெரியத் தொடங்கியது. கடைசியாகப் பெருவிரல் வந்தது. அதில் நகம் இல்லை. நகம் இருக்கவேண்டிய இடத்தில் கோணலாய் ஒரு தழும்பு.

சாமியாரின் கை அங்கே நின்றது. "இது எப்போ?"

"அம்பத்தி நாலு சாமி. வயர் ரோப் அறுந்து அடிச்சிச்சி."

"வலிக்குதா?"

விரல் நசுங்கிய அன்று மேஸ்திரி கேட்டது, எப்போது திரும்பி வேலைக்கு வருவாய் என்றுதான். டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்து எழுதிக் கொடுத்தார். வலிக்குதா என்று ஒருவர் கேட்கப் பதினாலு வருஷம் ஆகியிருக்கிறது. அதுவும் கேட்டது யார், யாரை அசிங்கப்படுத்தவேண்டும் என்று மூன்று நாளாய் அழுக்குச் சேர்த்து வைத்தாரோ, அந்த ஆள்.

"மழ வந்தா வலிக்கும் சாமி" என்றார்.

சாமியார் தழும்பைச் சுற்றி நாரை வைக்காமல் விரலாலேயே, குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை எடுக்கிறவர்போலத் தேய்த்தார். செம்மண் தண்ணீர் அவர் மணிக்கட்டு வழியே வழிந்து உள்ளே போயிற்று. அதற்குமேல் ஸ்டானிஸ்லாஸால் தாங்க முடியவில்லை. பாட்டு மூன்றாம் முறையும் முடிந்து கோயில் 'கப்சிப்' என்றிருந்த அந்த நேரம் பார்த்து, கப்பல் தளத்துக்குக் கேட்கிற தம்முடைய தொழில் குரலில் சொன்னார்:

"வேணாம் சாமி. நீங்க என் காலைக் கழுவக் கூடாது. கூடவே கூடாது."

கோயில் திரும்பிப் பார்த்தது. பன்னிரண்டாவது நாற்காலியைப் பார்த்தது. முதல் நாற்காலியைப் பார்த்தது. மறுபடியும் பன்னிரண்டாவதைப் பார்த்தது. அரைமணி நேரத்துக்கு முன்னால் வாசித்த சுவிசேஷம் எல்லோர் காதிலும் இன்னும் ஈரமாக இருந்தது. செல்லக்கனிக்குத்தான் அடக்கத் தெரியாதே.

"அடியே, இராயப்பரு அந்தக் கோடில குந்திகினு கீறாருடி" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். ரகசியமாய்த்தான். மணிக்கூண்டில் இருந்த புறா கேட்டது.

கோயிலே சிரித்தது. அம்புரோஸின் கை தாடிக்குப் போய்ப் பாதியில் நின்றது. ஸ்டானிஸ்லாஸுக்கும் அப்போதுதான் உறைத்தது, தாம் யாருடைய பேச்சைப் பேசிவிட்டோம் என்று. ஆனால் பதினோரு வருஷமாய் ஆசைப்பட்ட அந்தப் பேர் காதில் விழுந்தபோது அவர் அதைக் கவனிக்கிற நிலையில் இல்லை. சாமியாரின் கண்ணாடியில் சோப்பு நுரை ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிடவேண்டும் என்று கை பரபரத்தது. அவ்வளவுதான் அவருக்குத் தோன்றியது.

"அவரு அப்பிடி சொன்னப்ப ஆண்டவரு இன்னா சொன்னார்னு ஞாபகம் கீதா?" என்றார் சாமியார்.

"கீது சாமி. நான் கழுவலன்னா ஒனக்கு என்னாண்ட பங்கு இல்லன்னாரு."

"அப்ப பேசாம குந்து." காலைத் துடைத்தார். குனிந்தார். முத்தம் கொடுத்தார், நகம் இல்லாத அந்த விரலின்மேல். நிமிர்ந்தபோது நரைத்த மீசையில் ஒரு கோடு தாது மண். "யூதாசு காலையும் அவரு இதே மாதிரிதான் கழுவினாரு. ஒரு சொட்டுகூட கொறைக்கல. எனக்கு அது தெரியும். ஆனா இன்னிக்குத்தான் முட்டி வலியோட தெரிஞ்சிது." எழுந்திருக்கக் கையை நீட்டினார். ஸ்டானிஸ்லாஸ் பிடித்துத் தூக்கிவிட்டார். டன் டன்னாகத் தூக்கிய ஆள். இதைத் தூக்க இரண்டு கையையும் கொடுத்தார்.

பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலில் அம்புரோஸ் நிற்கிறார். சாவி உண்மையிலேயே தொலைந்துபோன முகம்.

"இன்னா மாப்ளே இது. எனக்கு மூணு சொட்டு, ஒனக்கு மூணு வாளியா? ஏழு வருஷமா குந்தறேன், தண்ணி பட்டதா இல்லியான்னே எனக்குத் தெரியாது."

வேறொரு நாளாக இருந்தால் ஸ்டானிஸ்லாஸ் இந்தப் பேச்சை வைத்தே ஒரு வருஷம் கொண்டாடியிருப்பார். "ஒன் காலு சுத்தமா இருந்திச்சி மச்சான். அவரு இன்னா பண்ணுவாரு" என்றார்.

லூர்து நோட்டுப் புத்தகத்தோடு ஓடிவந்தார். "அண்ணாச்சி, மொதல்லயே கேட்டு எழுதிக்கச் சொன்னாவ சாமி. அடுத்த வருசம் எந்த நாற்காலி?"

"எதுன்னாலும் சரிப்பா" என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

லூர்து இந்தத் தடவை கற்றுக்கொண்டிருந்தார். நோட்டை மூடி அக்குளில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்தார். "அதெல்லாம் கெடையாது அண்ணாச்சி. நீங்க மொத நாற்காலியிலதான் உக்காரணும்."

"யோவ், நெஜமாத்தான்யா சொல்றேன். எதுன்னாலும் சரி."

"இப்ப ரெண்டு ஆச்சு" என்று எண்ணினார் லூர்து.

இருதயம்மாள் புருஷனின் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். "மறுபடியும் அதே வாயா? ஒண்ணும் வேணாம், வூட்டுக்கு வா."

துறைமுகச் சுவரோரமாக நடந்தார்கள். தாது மலையின்மேல் கடற்காற்று அடித்து, தெரு முழுக்கச் சிவப்புப் புழுதி படிந்திருந்தது. குழாயடியில் இரண்டு பொடிசுகள், "யூதாசு மாமா, முப்பது காசு" என்று கத்திவிட்டு ஓடத் தயாராய் நின்றன. திட்டு வரவில்லை. ஓடுவதா நிற்பதா என்று அவற்றுக்கே தெரியாமல் போயிற்று.

ஸ்டானிஸ்லாஸ் வலது காலைத் தூக்கிக்கொண்டு, இடது காலால் நாலு அடி தத்தித் தத்திப் போனார்.

"இன்னாயா நொண்டற?"

"சாமி கழுவின காலு இது."

"எத்தினி நாளைக்கு நொண்டுவ? சனிக்கெழம வேலைக்குப் போவணுமா இல்லியா?"

நியாயமான கேள்வி. கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்று யோசித்தார். அப்புறம் வலது காலைப் புழுதியில் ஊன்றி வீட்டுக்கு நடந்தார்.